களத்துமேட்டிலிருந்து ஒரு வரலாறு: மதுரைச் சமவெளியில் நிலமானிய முறை



1997 ஜூன் 30 அன்று மேலூர் அருகே மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களை நினைவுகொண்டே இந்தப் பேருரையைத் தொடங்குகிறோம். அவர்களுடைய தியாகத்தைப் போற்றும் பேச்சுகள் பல நடந்துவிட்டன, அவை தேவையானவை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அவர்களைக் கொன்ற அமைப்பின் வரலாறு. அந்த அமைப்பு எப்படி இயங்கியது? அரசர்களும் ஜமீன்களும் போன பிறகும் அது ஏன் போகவில்லை? இந்த இரண்டு கேள்விகளே நம் உரையின் எல்லை.

பள்ளிச் சமூக அறிவியல் புத்தகத்தில் 'நிலமானிய முறை' என்றொரு பாடம் வரும். கூம்பு வடிவில் ஒரு படம் இருக்கும். உச்சியில் அரசன், அவனுக்குக் கீழே பிரபுக்கள், அடுத்துக் குதிரை வீரர்கள், அடியில் பண்ணையடிமைகள். இடைக்கால ஐரோப்பாவின் கதை என்று சொல்லி நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். வைகைக் கரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கூம்பு தன் ஊரிலும் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு முன், ஐரோப்பாவில் அது எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1. கைகூப்பியவனும் கட்டுண்டவனும்

ஐரோப்பிய நிலமானிய முறையில் இரண்டு வகைப் பிணைப்புகள் இருந்தன. முதலாவது மேல்தட்டுக்குள் நடந்தது. நிலம் பெறுகிறவன் தன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவன் கைகளுக்குள் வைத்து, 'இனி நான் உம்முடைய ஆள்' என்று உறுதி சொல்வான். பிரபு அவனைக் காக்க வேண்டும். இவன் போருக்குப் படையோடு வர வேண்டும். இரு தரப்புக்கும் கடமை இருந்தது. ஒருவன் தவறினால் மற்றவன் விலகிக்கொள்ளவும் வழக்கம் இடம் தந்தது.

இரண்டாவது பிணைப்பு மண்ணோடு. பண்ணையடிமை தனக்கென்று ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் பாடுபடுவான். வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைப்பான். பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்குக் கட்டணம் தர வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குப் போகும். மகளை மணம் முடித்துக் கொடுக்கத் தண்டம் கட்ட வேண்டும். அவன் செத்தால் வீட்டின் நல்ல மாடு பிரபுவுக்குச் சேரும். அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது.

1939, 1940 ஆண்டுகளில் 'நிலமானியச் சமுதாயம்' என்ற நூலை வெளியிட்ட பிரெஞ்சு வரலாற்றாளர் மார்க் பிளாக், நிலத்தோடு நிற்காமல் மனிதன் மனிதனைச் சார்ந்து நிற்கும் கட்டுகளின் வலையாகவும் இதைப் பார்த்தார். 1944இல் நாஜிகளின் துப்பாக்கிக்கு இரையானவர் அவர். எந்த ஊரின் வரலாற்றையும் படிக்க அவர் பார்வை நமக்கு உதவும்: யார் யாரைச் சார்ந்திருந்தார், அந்தச் சார்பை எது கட்டிப்போட்டது என்று கேட்டாலே போதும்.

2. எழுபத்திரண்டு பாளையங்கள்

இதே கேள்வியை மதுரையில் கேட்போம். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் இந்த நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வரலாற்று மரபு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஒவ்வொரு பாளையக்காரர் பொறுப்பு என்றும் அந்த மரபு சொல்லும். பாளையத்தின் வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்குக் கப்பம், ஒரு பங்கு படைச் செலவு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு. போர் வந்தால் ஆட்களோடு வர வேண்டும். பல்லக்கு, குடை, பட்டம், தாம்பூலம் எல்லாம் மேலிருந்து மரியாதையாக இறங்கும். ஐரோப்பியப் பிரபுவையும் நம்மூர்ப் பாளையக்காரரையும் அருகருகே நிறுத்தினால் அடையாளம் காண அதிக நேரம் ஆகாது.

பாளையக்காரரின் இன்னொரு பிடி காவல். ஊரையும் வழியையும் காக்கும் உரிமை அவரிடமிருந்து கீழே இறங்கி, கள்ளர், மறவர் முதலான காவல் குடிகளிடம் வந்து சேரும். அதற்கு ஊர் தவசம் அளக்கும். வேல்கம்பு பிடித்தவனுக்கும் விளைச்சலில் இடம் இருந்தது.

இந்தியாவில் நிலமானிய முறை இருந்ததா என்று வரலாற்றாளர்கள் நீண்ட காலம் வாதிட்டிருக்கிறார்கள். பிராமணர்களுக்கும் கோயில்களுக்கும் அரசர்கள் கொடுத்த நிலக்கொடைகள் இடைத்தட்டு ஒன்றை உருவாக்கின, அதுவே இந்திய நிலமானியம் என்றார் ஆர்.எஸ். சர்மா (1965). ஹர்பன்ஸ் முகியா 1979இல் அதை மறுத்தார். இந்திய உழவன் தன் ஏரையும் உழைப்பையும் தன் கையில் வைத்திருந்த சுதந்திரமான உழவன், ஐரோப்பியப் பண்ணையடிமையைப் போன்றவன் அல்லன் என்பது அவர் வாதம். இருவரும் பெரிய அறிஞர்கள். நமக்கு அவர்களிடம் ஒரு கேள்விதான் உண்டு: எந்த உழவன்? வரி கட்டிய குடியானவனைப் பற்றியா பேசுகிறீர்கள், அவன் வயலில் சேற்றில் நின்றவனைப் பற்றியா? செப்பேட்டிலும் வரிக் கணக்கிலும் முதலாமவன் தெரிவான். இரண்டாமவனைப் பார்க்க வேண்டுமானால் களத்துமேட்டுக்குத்தான் வர வேண்டும்.

3. பொலியைச் சுற்றி நின்றவர்கள்

அறுவடை முடிந்து, நெல் அடித்து, தூற்றி, பொலி குவித்தாயிற்று. இனி மரக்கால் எடுத்து அளக்க வேண்டும். மேல்வாரம் என்பது அரசனுக்கோ பாளையக்காரருக்கோ மானியம் பெற்ற கோயிலுக்கோ உரியது. குடிவாரம் என்பது நிலத்தைக் கையில் வைத்திருந்த குடியானவருக்கு. இந்த இரண்டுக்கும் அப்பால் சாமிக்கும், கணக்குப்பிள்ளைக்கும், காவல்காரருக்கும், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், குயவர் ஆகியோருக்கும் பொலியிலிருந்து அளந்தார்கள்.

இப்படி அளக்கும் பங்குக்குப் பழைய கணக்குகளில் என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'. நாம் 1947க்குச் சூட்டிய அதே சொல். களத்து நெல்லில் ஒருவருக்கு உள்ள உரிமைப் பங்குதான் அன்று சுதந்திரம். ஊரில் ஒருவருக்கு என்ன இடம் என்பதை அந்தப் பங்கு சொல்லிவிடும்.

ஆவணங்கள் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று எழுதிவைத்த நம் மக்களுக்கு அந்தப் பொலியில் என்ன இடம்? சிலருக்கு ஊர்ப்பணியாளர் என்ற முறையில் தவசம் உண்டு. கண்மாய் மடையைத் திறந்து அடைத்து, வயல் வயலாகத் தண்ணீர் பங்கிட்டு, வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையைக் காத்த நீர்க்கட்டிக்கு உண்டு. இந்த வேலையைப் பல ஊர்களில் தலித் குடும்பங்களே தலைமுறையாகச் செய்துவந்தன. எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் பாயும் என்பது ஓலையில் இல்லை, அவர் தலைக்குள் இருந்தது. ஊரின் தண்ணீரையெல்லாம் நீதியாகப் பங்கிட்டவருக்கு, அந்தத் தண்ணீர் பாயும் வயல் ஒன்று சொந்தமாக இருப்பது அரிது. கமலை இறைக்கும் தோலைத் தைத்துக் கொடுத்த அருந்ததியருக்கும், இழவு சொல்லி, பறையடித்து, பிணம் எரித்த வெட்டியானுக்கும் தவசம் உண்டு. ஆனால் அது உரிமையும் விலங்குமாக ஒன்றாகவே வந்தது. தச்சன் வேலைக்கு வர மறுத்தால் ஊர் வேறு தச்சனைத் தேடும். வெட்டியான் மறுத்தால் ஊர் அவன் குடிசைக்கு வரும்.

பண்ணையாளின் நிலை அதனினும் கீழே. அவர் வாங்கியது படியளந்த கூலி. வாங்கிய கடனுக்குத் தம்மை ஈடு வைத்தவர் அவர். ஒரு பண்ணையாளுக்குக் கொடுத்த தவசத்தில் ஒரு குடும்பத்தையே பண்ணை வாங்கிக்கொண்டது. மனைவி தொழுவத்தில் சாணி அள்ளினாள், நடவுக்கும் களைக்கும் போனாள். மகன் மாடு மேய்த்தான். தந்தை இறந்தால் கடனோடு மகன் ஏர் பிடித்தான். களத்தில் பொலி அளந்து முடிந்தபின் மண்ணோடு கிடக்கும் நெல்லைக் கூட்டி அள்ளிக்கொள்வதும், பதரைப் புடைத்துப் பார்ப்பதும் அவர்களுக்குக் கிடைத்த 'சுதந்திரம்'.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாயக்கர் காலத்தின் பிற்பகுதியில் 'பள்ளு' என்றொரு இலக்கிய வகையே செழித்தது. முக்கூடற்பள்ளு அதில் புகழ்பெற்றது. பண்ணைக்காரன் வருவான், பள்ளனிடம் விதைக்கும் மாட்டுக்கும் கணக்குக் கேட்பான், குறை கண்டு அவன் காலைக் குட்டையில் மாட்டுவான். நெல் வகைகளையும் மாட்டு வகைகளையும் அறிய நாம் அந்த நூல்களைப் போற்றுகிறோம். ஒரு மனிதனின் காலை மரத்தில் பூட்டுவது கேட்போருக்கு நகைச்சுவையாக இருந்த ஒரு சமுதாயத்தின் வாக்குமூலமும் அதே நூல்களில் இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் அரசனிடமிருந்து இறங்கி, வயல்வரப்பில் நிற்கும் பண்ணைக்காரன் கைக்கு வந்துவிட்டதை அந்தக் காட்சி காட்டுகிறது. நிலமானிய முறை என்பது இதுதான்.

4. எரிக்க முடிந்த சுவடியும் முடியாத சுவடியும்

இதுவரை ஒற்றுமைகளைப் பார்த்தோம். வேறுபாடு எங்கே என்பதுதான் இந்த உரையின் மையம்.

ஐரோப்பியப் பண்ணையடிமைக்கு ஒரு வழி இருந்தது. ஓடிப்போய் ஒரு நகரத்துக்குள் நுழைந்து ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் பல இடங்களில் அவன் சுதந்திர மனிதன். நகரக் காற்று விடுதலை தரும் என்று ஜெர்மானியர்கள் சொல்வழக்காகவே வைத்திருந்தார்கள். மதுரையும் பெரிய நகரம்தான். மேலூரிலிருந்தோ சோழவந்தானிலிருந்தோ ஒருவர் ஓடிவந்து மதுரையில் ஓராண்டு அல்ல, ஒரு தலைமுறை வாழ்ந்தாலும் அவர் சேரியும் கூடவே வந்தது. மில்லில் வேலை கிடைத்தது, முனிசிபாலிட்டியில் வேலை கிடைத்தது; என்ன வேலை, எந்தத் தெருவில் குடியிருப்பு என்பதைப் பிறப்பே சொன்னது.

1347இல் தொடங்கிய பெருங்கொள்ளை நோயில் ஐரோப்பாவின் மக்கள்தொகையில் பெரும்பகுதி மடிந்தது. ஆள் கிடைக்காததால் கூலி ஏறியது. கூலியை அடக்க இங்கிலாந்து 1351இல் சட்டம் போட்டது. 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வாட் டைலர் கொல்லப்பட்டார், பாதிரியார் ஜான் பால் தூக்கிலிடப்பட்டார், அரசன் கொடுத்த வாக்கை மீறினான். ஆனாலும் அந்த எழுச்சியில் உழவர்கள் செய்த ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். பல பண்ணைகளில் அவர்கள் பண்ணை நீதிமன்றச் சுவடிகளைத் தேடி எடுத்து எரித்தார்கள். யார் அடிமை, யார் என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்பது அந்தச் சுவடிகளில்தான் எழுதியிருந்தது. சுவடி போனால் கட்டும் போகும் என்பது அவர்கள் கணக்கு.

மேலூரில் ஒருவர் கணக்குப்பிள்ளையின் சுவடியை எரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிலக் கணக்குக் கொஞ்சம் குழம்பியிருக்கும். எரித்தவர் மறுநாளும் அதே சேரியில்தான் விழித்திருப்பார். நம்மைக் கட்டியது ஓலையில் இல்லை. குடிநீர்க் கிணற்றில், தெருவில், சாமி வரும் பாதையில், சுடுகாட்டில் அது எழுதப்பட்டிருந்தது. எரிக்க வேண்டிய சுவடி எது என்பதை அண்ணல் அம்பேத்கர் கண்டுபிடித்தார். 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியவர், அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கேயே மனுநூலை எரித்தார். இங்கிலாந்து உழவர்களின் தீயும் மகாத்தின் தீயும் ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு விடைகள்.

ஐரோப்பாவை நாம் உயர்த்திப் பேசவில்லை. யூதர்களைத் தனித் தெருவில் ஒதுக்கியதும் துரத்தியதும் அதே சமுதாயம்தான். ஆனாலும் ஊர்த் தேவாலயத்தில் பிரபு முன்னாலும் பண்ணையடிமை பின்னாலும் நின்றாலும் கூரை ஒன்றாக இருந்தது. அந்தத் தேவாலயம் மதுரைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதும் வரலாறு. ராபர்ட் டி நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பரதவர்களோடு பழகிய பாதிரியாரிடமிருந்து விலகி, காவி உடுத்தி, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். மதம் மாறிய உயர்சாதியினர் நூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள 1623இல் போப்பின் அனுமதியும் கிடைத்தது. பின்னர் 1640ஐ ஒட்டி, மற்றச் சாதியினரிடம் போவதற்கென்று 'பண்டார சாமிகள்' என்ற தனி வகைப் பாதிரியார்கள் ஏற்பட்டார்கள். ஐரோப்பிய நிலமானியத்தின் தூணாக இருந்த திருச்சபையே மதுரை மண்ணில் கால் வைத்ததும் இரண்டாகப் பிரிய வேண்டியிருந்தது. நம்மூர்க் கூம்பு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

5. உச்சி உதிர்ந்த கதை

1736இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். கம்பெனி, பணிந்த பாளையங்களை ஜமீன்களாக்கியது. 1803இல் இராமநாதபுரமும் சிவகங்கையும் நிரந்தர ஜமீன்களாயின. மற்ற நிலத்தில் ரயத்துவாரி வந்தது. 'உழுபவனோடு நேரடி ஒப்பந்தம்' என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். பட்டா யாருக்குப் போனது? குடிவாரம் வாங்கியவருக்கு. ஏர் பிடித்த பண்ணையாளின் பெயரை எழுத அந்தப் புத்தகத்தில் பத்தி இல்லை.

1843இல் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் வந்தது. 1860இன் தண்டனைச் சட்டம் அடிமை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. காகிதத்தில் அடிமை ஒழிந்தார், கடனில் இருந்தார். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் நம் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். எஞ்சியவர்களில் பலர் கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1892இல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்ற பெயரில் அதைத் தேடி நாம் இன்றும் தாலுகா அலுவலகப் படி ஏறுகிறோம். 1895இல் பெரியாறு அணை திறந்து மேலூர்ப் பக்கம் கால்வாய் பாய்ந்தது. தண்ணீர் எல்லாருக்கும் பொதுவாக வரவில்லை. பட்டா இருந்த இடத்துக்கு வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய அமைப்பில் காவல் பார்த்தவர்களின் காவல் உரிமையைப் பறித்த அதே வெள்ளை அரசு, அவர்களைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தியது. அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுடப்பட்டு விழுந்தார்கள். அவர்களும் அந்த அமைப்பால் வதைபட்டவர்களே. ஆயினும் வதைபட்ட இருவரும் கைகோக்க முடியாதபடி ஒருவரை மற்றவருக்கு ஒரு படி மேலே நிறுத்தியிருந்தது சாதி. சாதி என்பது வேலையைப் பிரித்ததோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கியது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியதன் பொருள் நம் ஊர்களில் இப்படித்தான் விளங்குகிறது.

விடுதலைக்குப் பின் உச்சிக் கற்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1955, 1956இல் குத்தகைதாரர் பாதுகாப்பும் நியாய வாரமும். 1961இல் நில உச்சவரம்பு. 1976இல் கொத்தடிமை ஒழிப்பு. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் நீங்கின. இவை எதையும் நாம் சிறிதாக நினைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் போராடியவர்களின் இரத்தம் உண்டு. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் முன்நிற்க மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த சிறு குழுவில் தும்பைப்பட்டி கக்கன் இருந்தார். பின்னாளில் அவர் இம்மாநிலத்தின் அமைச்சரானார். கதவுகள் திறந்தது உண்மை.

6. நாற்காலி என்ற புதிய களம்

அப்படியென்றால் 1996இல் ஒரு சிறிய ஊராட்சித் தலைவர் பதவி ஏன் இவ்வளவு பெரிய கோபத்தைக் கிளப்பியது? மேலவளவு தனி ஊராட்சியானது. வேட்புமனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, தேர்தல் தள்ளிப்போனது. வென்ற முருகேசன் அலுவலகத்தில் அமரவே பாதுகாப்பு வேண்டியிருந்தது. ஒரு நாள் மதுரையிலிருந்து திரும்பும் பேருந்தில் வைத்து அவரைக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. உத்தப்புரத்தில் நம் தெருவுக்கும் ஊருக்கும் நடுவே நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் உடைக்கப்பட்டது.

களத்துமேட்டை நினைத்துப் பார்த்தால் விடை தெரியும். கண்மாய் மீன் குத்தகையை யார் ஏலம் விடுவது, பொதுமரத்தை யார் வெட்டச் சொல்வது, குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போவது, யார் உட்கார்ந்திருக்க யார் நிற்பது: இவையெல்லாம் அந்த நாற்காலியில் இருக்கின்றன. அன்று பொலியைச் சுற்றி நடந்த பங்கீடு இன்று ஊராட்சி அலுவலகத்தில் நடக்கிறது. பங்கு வாங்க வரிசையின் கடைசியில் நின்றவரின் மகன் மரக்காலைக் கையில் எடுத்ததைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

ஐரோப்பாவில் கூம்பின் உச்சி சரிந்தபோது அடிக்கல்லும் மெல்லப் பெயர்ந்தது. அங்கே அடிக்கல்லைப் பிடித்திருந்தது சட்டமும் நிலமும். இங்கே உச்சி சரிந்தும் அடிக்கல் அசையாததற்குக் காரணம் அதைப் பிறப்பு என்ற சாந்து பூசி இறுக்கியிருந்ததுதான். ஆகவே நில விடுதலை தனியாகவும் சாதி ஒழிப்பு தனியாகவும் நடக்கும் என்று இன்னும் நம்புகிறவர்களோடு நாம் உடன்பட முடியாது. நிலம் கேட்காத சாதி ஒழிப்பு மேடைப்பேச்சாக முடியும். சாதியைத் தொடாத நிலச்சீர்திருத்தம் பட்டாவைப் பழைய கைகளுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த அவையில் இருக்கும் இளம் எழுத்தாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அரண்மனையின் தூண்களை எண்ணி எழுதியவர்கள் ஏராளம். நீங்கள் உங்கள் ஊர் நீர்க்கட்டித் தாத்தாவிடம் போய் மடைகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பண்ணையில் இருந்த பாட்டியிடம், களத்தில் எத்தனை படி அளந்தார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். நம் பிள்ளைகளின் புத்தகத்தில் இருக்கும் அந்தக் கூம்பின் அடியில் பெயரில்லாமல் நிற்பவர்களுக்குப் பெயர் எழுத அதுவே வழி.

களத்தில் கூட்டி அள்ளியதைச் சுதந்திரம் என்று வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பொலியில் நம் பங்கையும், அதை அளக்கும் மரக்காலையும் சேர்த்தே கேட்கிறோம். மேலவளவில் விழுந்த ஆறு பேரும் கேட்டது அதைத்தான்.